கருங்கல்லா, மணலா: புதுச்சேரிக் கரைக்கு எதற்கு நிதி தரலாம்?

கடலரிப்பைத் தடுக்க நிதி கேட்டு இரண்டு திட்ட வரைவுகள் மேசைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கருங்கல் கொட்டி, தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்) போடுவது. இன்னொன்று போன மணலைத் திரும்பக் கொண்டுவருவது. புதுச்சேரிக் கரையில் இரண்டையும் செய்து பார்த்தாகிவிட்டது. அதனால் ஊகத்தில் மதிப்பெண் போட வேண்டியதில்லை.

இங்கே கடல் மணல், ஆண்டுக் கணக்கில் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் கட்டிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் மேடிட்டது, வடக்கே நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. தேங்கும் மணலை வாரி வடக்கே விட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை.

முதலில் கருங்கல். இதன் பலம் வேகம். மழைக்காலத்தில் வீட்டு வாசல்வரை அலை வந்து நிற்கும் குப்பத்துக்காரரிடம் போய் மணல் ஓட்டம் பற்றி வகுப்பெடுக்க முடியாது. லாரியில் கல் வந்து இறங்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பீச் ரோட்டைக் காப்பாற்றியதும் கல்தான்.

ஆனால் கல் மணலை உண்டாக்காது. தூண்டில் வளைவு தன் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடித்துவைக்கிறது, வடக்கே இருப்பவருக்கு வர வேண்டியதுதான் அது. தந்திராயன்குப்பத்தில் போட்ட பிறகு அரிப்பு சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் நகர்ந்தது. ஒரு ஊர் தப்பினால் அடுத்த ஊர் மனு எழுதுகிறது. இடையில் புதுச்சேரி, தமிழ்நாடு எல்லை வேறு. மனு போகும் அலுவலகமும் மாறிவிடுகிறது.

மக்கள் கரைக்குப் போக முடிகிறதா என்று கேட்டால் கல்லுக்கு ஏறக்குறைய பூஜ்யம். ஃபைபர் படகை ஏற்றி வைக்க மணல் வேண்டும். கரைவலைக்கு அதைவிட அதிகம்: வரிசையாக ஆட்கள் நின்று பின்வாங்கி இழுக்க நீளமான திறந்த கரை வேண்டும். பாறை மேல் நின்று கரைவலை இழுக்க முடியாது. வரைவில் “பயனாளிகள்” என்று ஒரு பெரிய எண்ணைப் போடும்போது இந்தத் தொழில் இழப்பைக் கழிப்பதில்லை.

இப்போது மணல். தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, நீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை இறக்கியது. அலையின் வேகம் அதன்மேல் உடைய, பின்னால் மணல் தங்கும். துறைமுக முகத்துவாரத்தில் வாரிய மணலும் அங்கே கொட்டப்பட்டது. காந்தி சிலைக்கு வடக்கே மறுபடியும் கால் புதையும் கரை வந்தது. அதோடு கூட்டமும் வந்தது, கடலில் இறங்கி மூழ்கி இறந்தவர்களும் உண்டு. திறந்த கரை கேட்கும் வரைவில் உயிர்காப்பாளர் சம்பளம் இல்லையென்றால் அது பாதி வரைவுதான்.

பலவீனம்? மணல் தங்கியே தீரும் என்ற உத்தரவாதம் கிடையாது. வாருவது நின்றால் கரையும் மெலியும். கல்லைக் கொட்டிவிட்டுத் திறப்பு விழா நடத்தலாம். மணலுக்கு வருடா வருடம் டீசல் போட வேண்டும். நிதி தருபவர்களுக்கோ கட்டுமானத்துக்குத் தரக் கை வரும், பராமரிப்புக்கு வராது.

என் ஓட்டு மணலுக்கு. அதிலும் எஃகுத் திட்டைவிட, துறைமுகத்து மணலை வாரி வடக்கே விடும் வேலைக்கு முதலிடம். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், வடக்கே விட்ட மணலை அளந்து பார்த்துத் தவணையாகக் கொடுக்கலாம். அலை வீட்டைத் தொடும் இடத்தில் மட்டும் கல்லுக்குச் சரி சொல்வேன். அதற்கும் ஒரு நிபந்தனை: வடக்கே அடுத்த இரண்டு குப்பங்களின் பஞ்சாயத்தாரும் வரைவைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.