மாதத் தொகுப்புக்கு எது உகந்தது: சந்தாச் செயலியா, காணொளித் தளமா, சொந்தக் கோப்புகளா?

மாதம் ஒரு பாடல் தொகுப்புச் செய்யும் பழக்கம் எனக்கு 2021 இல் தொடங்கியது. மொத்தம் 90 நிமிடம். பாடல்கள் குறைந்தது நான்கு தசாப்தங்களைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். சிங்களத்தில் ஒன்று, கர்நாடக இசையில் ஒன்று, எனக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியில் ஒன்று கட்டாயம். 90 நிமிடம் என்ற அளவு சி-90 கசட்டிலிருந்து வந்தது. அப்பா பாட்டுகளின் பெயர்களைத் தாளில் எழுதி, கசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடையான றெக்கோடிங் பாரில் கொடுத்துவிட்டு வருவார். பக்கத்துக்கு 45 நிமிடம் என்பதால் எது முதலில், எது கடைசியில் என்பதையும் அவரே தீர்மானித்திருப்பார். இந்த வேலைக்கு, சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் செயலி, யூடியூப் போன்ற காணொளித் தளம், சொந்தப் பாடல் கோப்புகள் ஆகிய மூன்று வழிகளையும் பாவித்துப் பார்த்து, இப்போது சொந்தக் கோப்புகளில் வந்து நிற்கிறேன்.

செலவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. சந்தாவுக்கு மாதக் கட்டணம், காணொளிக்கு டேட்டா, கோப்புகளுக்கு ஒரு மெமரி சிப் என்று ஒவ்வொன்றிலும் காசு போகத்தான் செய்யும். 320 கேபிபிஎஸ் (வினாடிக்கு 320 கிலோபிட்) தரத்தில் 90 நிமிடத் தொகுப்பு ஏறத்தாழ 216 எம்பி. பன்னிரண்டு மாதத் தொகுப்புகளும் 3 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

காணொளித் தளத்தின் பலம் அதன் அகலம். இலங்கை வானொலியின் மெல்லிசைப் பாடல்களையும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்து இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்களையும், மேடையில் பதிவான பைலா என்னும் துள்ளலான ஆட்டப் பாடல்களையும் யாரோ ஒருவர் தம் வீட்டுக் கசட்டிலிருந்து ஏற்றி வைத்திருப்பார். அவற்றுட் பல வேறெங்கும் கிடைப்பதில்லை. ஆனால் சந்தா கட்டாவிட்டால் திரை அணைந்ததும் பாட்டும் நின்றுவிடுகிறது, நடுவே விளம்பரமும் வருகிறது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி இலங்கையில் சமூக ஊடகங்களோடு யூடியூப்பும் முடக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்புதான் 13 மணி நேர மின்வெட்டில் இருந்தோம்.

சந்தாச் செயலியில் தேடுவது இன்பம். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து நைஜீரியாவின் ஃபெலா குட்டிக்கும், அங்கிருந்து கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலிகானுக்கும் ஒரே மாலையில் போய்வர முடிகிறது. ஆனால் தமிழ்ப் பாடல்களில் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால், ழகரம் வரும் தலைப்பை மூன்று விதமாக எழுதித் தேடினால்தான் ஒன்றாவது அகப்படும். கிடைப்பதும் மூலப் பதிவுதானா, பின்னாளில் வேறொருவர் பாடியதா என்பதைக் கேட்டுப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

இவையெல்லாம் சகித்துக்கொள்ளக் கூடியவை. என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. 2022 ஜூலையில் செய்த தொகுப்பை இரண்டு ஆண்டுகள் கழித்து, வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் ரயிலில் திறந்தேன். பத்தொன்பது பாடல்களில் ஐந்து இல்லை. எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை, ஏனெனில் காரணம் அவை எல்லாவற்றுக்கும் பொது: செயலி பாடல்களின் உரிமையாளர் அல்ல, உரிமம் பெற்று ஒலிக்கவிடுபவர், உரிம உடன்பாடு முடிந்தால் பாடலும் போய்விடும். 2023 மார்ச்சில் ஸ்பொட்டிஃபை செயலிக்கும் இந்திய இசை நிறுவனமான ஸீ மியூசிக்குக்கும் இடையே உடன்பாடு எட்டப்படாதபோது பல ஹிந்திப் பாடல்கள் ஒரேயடியாக மறைந்தன. காணொளித் தளத்தில் நிலைமை இன்னும் மோசம். காணொளி நீக்கப்பட்டால் அங்கே என்ன பாட்டு இருந்தது என்ற பெயர்கூட மிஞ்சாது.

ஒரே வகைப் பாடல்களின் பட்டியலில் ஐந்து குறைந்தால் பெரிதாகத் தெரியாது. பலவகைத் தொகுப்பில் ஒவ்வொரு பாட்டும் முன்னதற்கும் பின்னதற்கும் பாலம். அந்த ஜூலைத் தொகுப்பில் கர்நாடக இசைப் பாடகர் எம். டி. ராமநாதனின் நிதானமான காலப்பிரமாணத்துக்குப் பின் சிங்களப் பாடகர் அமரதேவவை வைத்து, அவரிலிருந்து மெல்ல வேகம் கூட்டி பைலாவுக்குப் போயிருந்தேன். அமரதேவவின் பாட்டு பட்டியலிலிருந்து காணாமற்போனதால் ராமநாதன் முடிந்த கையோடு ட்ரம் வந்து விழுந்தது. எதிர் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் திடுக்கிட்டேன்.

கோப்புகளில் அந்தத் தொல்லை இல்லை. என்னிடமுள்ள சீடிகளைக் கணினியில் ஏற்றினேன். அப்பாவின் கசட்டுகளை ஓடாசிட்டி மென்பொருளில் பதிந்தேன். சி-90 ஒன்றைப் பதிய முழுதாக 90 நிமிடம் வேண்டும், குறுக்குவழி கிடையாது. கசட் பிளேயரின் பெல்ட் தளர்ந்திருந்ததால் முதலில் பதிந்த நான்கும் சுருதி இறங்கி, சீர்காழி கோவிந்தராஜன் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலக் கேட்டன. மறுபடி பதிய வேண்டியதாயிற்று. அடுத்த வேலை ஒலியளவைச் சமப்படுத்துவது. 1950களின் ஒற்றைத்தட ஒலிப்பதிவுக்குப் பின் 2010களின் பாட்டு வந்தால் காது அதிரும். செயலிகள் இதைத் தாமாகவே செய்கின்றன. கோப்புகளுக்கு ரீப்ளே கெயின் என்ற குறிப்பை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். அது ஒலியை மாற்றாமல், எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்லும். எல்லாப் பிளேயர்களும் அதைப் படிப்பதில்லை என்பதால் தெரிவில் கவனம் தேவை.

பராமரிப்பு இங்கும் உண்டு. பட்டியலைத் தாங்கும் எம்3யூ என்பது கோப்புகள் இருக்கும் இடங்களை வரிசையாக எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு முறை ஃபோல்டரின் பெயரை மாற்றியதும் எட்டு மாதத் தொகுப்புகள் வெறுமையாகின. பாடல்கள் பத்திரமாக இருந்தன, முகவரிதான் பிழை. அரை மணி நேரத்தில் திருத்திவிட்டேன். பிறகு மெமரி சிப் ஒன்று பழுதாகி, பிரதி எடுக்காத இரண்டு கசட்டுகளை மீண்டும் பதிந்தேன். இரண்டுமே என் கவனக்குறைவு, இரண்டையும் நானே சரிசெய்ய முடிந்தது.

புதிய பாடல்களைத் தேடிப் பிடிப்பதே நோக்கமானால் சந்தாச் செயலியே போதும். தேடுவதற்கு நானும் அதை இன்னும் விடவில்லை. ஐபோனில் இந்தக் கோப்பு முறையை நான் முயன்றதில்லை. என் அனுபவம் அண்ட்ரொய்ட் தொலைபேசியோடு மட்டும். காரில் யூஎஸ்பி மூலம் கேட்பவர்கள் கோப்புப் பெயர்களின் முன்னால் 01, 02 என்று இலக்கமிட்டால், எம்3யூவைப் படிக்காத பழைய செட்டிலும் பெரும்பாலும் வரிசை கலையாது.

இந்த மாதத் தொகுப்பின் இரண்டாம் பக்கத்தில் 3 நிமிடம் 10 வினாடி மீதமிருக்கிறது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய அவ்வளவுதான் கொள்ளும் என்பதால், அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றைத் தேடி அப்பாவின் கசட்டுப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறேன்.