வாளியா, பாசியா, வினாகிரியா?

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு முன்னறையில் இருக்கிற, உயிர்ப் பவளமும் மீனும் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி 200 லீட்டர். போன வருடம் ஒரு கட்டத்தில் அதில் நைட்ரேட் 40 பிபிஎம், பொஸ்பேட் 0.3. கல்லெல்லாம் பச்சை மயிர்ப்பாசி. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. பவளம்தான் நிறம் செத்துப் பழுப்படித்துப் போனது. மிச்சத் தீனியும் மீன் கழிவும்தான் இந்த இரண்டு சத்தாகவும் மாறும். தீனியை அள்ளிப் போட்டது என் கைதான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டையும் குறைக்க மூன்று வழி பார்த்தேன்.

முதலில் வாளி, அதாவது தொட்டித் தண்ணீரை அள்ளி எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்றுவது. கடல் ஐந்து நிமிட நடை, தண்ணீர் ஓசி. கிழமைக்கு 40 லீட்டர் மாற்றினால் 40 என்பது 32 ஆகும், ஐந்து கிழமையில் 13 அளவுக்கு இறங்க வேண்டும். எனக்கு 20க்குக் கீழே போகவில்லை. இடையில் மீன் சாப்பிடாமல் இருக்குமா? பொஸ்பேட்டோ அசையவே இல்லை. தொட்டிக்குள் இருக்கிற சுண்ணாம்புக் கல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தண்ணீரில் குறையக் குறையத் திரும்ப விடுகிறது. அதோடு நம் கடலுக்கும் காலம் உண்டு. மாரியில் முகத்துவாரம் திறந்தால் வாவி வெள்ளம், வயல் தண்ணீர் எல்லாம் கரையோரம்தான் வரும். ஒரு மார்கழியில் அள்ளி வந்த தண்ணீரில் உப்பு 35க்குப் பதில் 28. அன்று நான்கு கான் தண்ணீரையும் கிணற்றடியில் ஊற்றினேன்.

அடுத்தது வினாகிரி. செலவென்று சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் உள்ள பக்டீரியா வினாகிரியில் இருக்கிற கரிமத்தைத் தின்று பெருகும்போது நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் சேர்த்து இழுக்கும். பெருகிய பக்டீரியாவை ஸ்கிம்மர் (காற்றுக் குமிழி விட்டு அழுக்கைப் பிரிக்கிற கருவி) நுரையாக வெளியே தள்ளும். வெள்ளை வினாகிரிதான் வேண்டும், அச்சாறுக்கு வைத்திருக்கும் தென்னை வினாகிரி சரிவராது. என் தொட்டிக்கு நாளுக்கு ஒன்றரை மில்லியில் தொடங்கினேன். மூன்றாம் கிழமை நைட்ரேட் 10. மூன்று வழியிலும் வேகம் இதற்குத்தான்.

ஆனால் எனக்கு ஆசை விடவில்லை, அளவை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினேன். மறுநாள் காலை தொட்டி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. அதே நேரம் பார்த்து இரண்டு மணித்தியாலம் கரண்டும் போனது. பக்டீரியா ஒட்சிசனைக் குடிக்கிறது, ஸ்கிம்மரோ நின்றுவிட்டது, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றியே காப்பாற்றினேன். பற்றரியில் ஓடும் காற்று மோட்டர் இல்லாத வீட்டில் இந்த வழி வேண்டாம்.

இரும்பு ஒக்சைட் மணிகளும் இருக்கின்றன. பொஸ்பேட்டைப் பிடிக்கும், நைட்ரேட்டைத் தொடாது, விலை கடிக்கும். நான் தொடரவில்லை.

இப்போது என் தெரிவு பாசிதான், வேண்டுமென்றே வளர்க்கிற பாசி. பெரிய தொட்டியோடு இணைந்த கீழ்த்தொட்டியில் ஒரு கைப்பிடி கீட்டோ என்ற நூல் போன்ற கடற்பாசி, மேலே ஒரு சின்ன எல்இடி விளக்கு. மேல்த்தொட்டி விளக்கு அணைந்த பிறகு இது எரியும், அதனால் இரவில் தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு) அவ்வளவாக விழாது. கரண்ட் சில மணித்தியாலம் போனாலும் பாசிக்கு ஒன்றும் ஆகாது. முதல் மாதம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. இரண்டாம் மாதம் தும்புக் கட்டு மாதிரி சுருண்டு பெருகியது. பாதியைப் பிய்த்து வெளியே எடுத்தால்தான் சத்து வெளியேறும். எடுக்காமல் விட்டு, அது அழுகினால், பிடித்ததெல்லாம் திரும்பத் தண்ணீருக்குள்ளேயே வரும்.

இன்றைய அளவு நைட்ரேட் 5, பொஸ்பேட் 0.06. இதற்குக் கீழே தள்ள நான் முயலவில்லை. இரண்டும் பூச்சியமானால் பவளம் வெளிறும், மண்ணில் கபில நிறச் சளி மாதிரி டைனோ என்கிற நுண்ணுயிர் படியும். அது மயிர்ப்பாசியைவிடப் பெரிய தலையிடி.

வாளியை முழுதாகக் கைவிடவும் இல்லை. பாசி இரும்பு, அயடீன் போன்றவற்றையும் இழுப்பதால் மாதம் 20 லீட்டர் மாற்றுகிறேன். மாரிக்கு வேண்டிய தண்ணீரை ஆவணியிலேயே பிடித்து, மூடிய கான்களில் படிக்கட்டுக்குக் கீழே இருட்டில் அடுக்கிவிடுவேன்.