தமிழ் எழுத்து பிஸ்கட் அச்சு: ஒன்றரை வருடமும் ஒரு புள்ளியும்

பிஸ்கட் மாவைத் தமிழ் எழுத்து வடிவில் வெட்டும் பிளாஸ்டிக் அச்சுப் பெட்டியை நாலு வயதுக் குழந்தைக்கு வாங்கலாமா என்று மறுபடி ஒருவர் கேட்டதால் இது. பிளாஸ்டிக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றரை வருடத்தில் எதுவும் விரிசல் விடவில்லை, விளிம்பும் மழுங்கவில்லை. எரிச்சல் எல்லாம் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கென்று தனியாக வரும் அந்தக் குட்டி அச்சின் மேல்தான்.

மிளகளவு மாவை வெட்டித் தருகிறது. எழுத்து வேகிற நேரத்தில் அது கருகிவிடும். கருகக் கூடாதென்று எழுத்தோடு நெருக்கி வைத்தால் இரண்டும் ஒட்டி, 'ம'வுக்குத் திமில் முளைத்த மாதிரி வரும். தட்டிலிருந்து எடுக்கும்போது முதலில் தொலைவதும் அதுதான். 'அம்மா' என்று அடுக்கினால் 'அமமா' என்று நிற்கும். தமிழில் புள்ளி என்ன அலங்காரமா? இருந்தால் மெய், போனால் உயிர்மெய். அச்சு வார்த்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா?

'ண', 'ன' இரண்டின் சுழியும் அடைபட்டு ஒரே மாதிரி ஆவதற்கு மட்டும் அச்சைத் திட்ட முடியாது. அது மாவின் வேலை. கூட வரும் தாளில் பேக்கிங் பவுடர் போடச் சொல்லியிருக்கிறார்கள். போடாதீர்கள், உப்பி எழுத்தைத் தின்றுவிடும். மைதா 150 கிராம், வெண்ணெய் 100, பொடித்த சர்க்கரை 50. பிசைந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பட்டர் பேப்பர் மேல் 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வெட்டியபின் இன்னொரு 20 நிமிடம் ஃப்ரிட்ஜ். 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். முட்டை இல்லையே என்று பச்சை மாவை நக்க விடாதீர்கள்; வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம்.

கு, சு, து பெட்டியில் இல்லை. உகரக் குறி எழுத்துக்கு எழுத்து மாறும், பாவம், எத்தனை அச்சுதான் செய்வார்கள்.

புள்ளிக்கு ஒரு வழி இருக்கிறது. எழுத்தை வெட்டி எடுக்காதீர்கள். மாவை 5 சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கி, அதன் மேல் அச்சைப் பாதி ஆழம் மட்டும் அழுத்துங்கள். குழந்தை பிஸ்கட்டைப் புரட்டி 'ட'வை இடவலம் மாற்றி வைப்பதும் இதோடு நிற்கும். வெந்து ஆறியபின் எழுத்தின் தலையில் ஓர் உலர் திராட்சையை ஒட்டாமல் வைத்தால் அதுதான் புள்ளி. 'ப', 'ல்' என்று அடுக்கி 'பல்' வாசித்த குழந்தை திராட்சையை வாயில் போட்டுக்கொள்ளும். இப்போது என்ன என்று கேளுங்கள். 'பல'. மெய்யில் அகரம் ஏறுவதை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பயிற்சித் தாளும் காட்டாது.

செய்முறையையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: சலி, பிசை, தேய், அழுத்து. ஒவ்வொரு சொல்லையும் விரல் வைத்து வாசித்த பிறகே அந்த வேலை.

சதுரத்தில் பல் குத்தும் குச்சியாலேயே எழுதிவிடலாமே, அச்சு எதற்கு என்றால், நியாயமான கேள்வி. வாங்காதீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் இந்தப் பெட்டி தொலைந்தால் நாளைக்கே இன்னொன்று வாங்குவேன். வாங்கினால் அந்தப் புள்ளி அச்சை முதல் நாளே எடுத்து ஒளித்துவிடுங்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் அதை விழுங்கிவிடும், இல்லையென்றால் அச்சு மாவோடு உருண்டு ஓவனுக்குள் போய், உருகும் வாடை வந்த பிறகுதான் அகப்படும்.