பிளெண்டரில் ப்ரீவிஸ்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சின்ன பட்ஜெட் படத்துக்கு ஸ்டோரிபோர்டும் ப்ரீவிஸும் (ஷூட்டிங்குக்கு முன்பே ஷாட்டுகளை 3டி-யில் போட்டுப் பார்ப்பது) ஒரே ஃபைலில் முடியணும் என்றால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் போதும். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2019-இல் வந்த 2.80 பதிப்பிலிருந்து கிரீஸ் பென்சில் முழு வரைகருவியாகிவிட்டதால், கேமரா ஃபிரேமுக்குள்ளேயே கோட்டுப்படம் போடலாம். நிழலும் வெளிச்சமும் கணக்கிடாத சாலிட் வியூவிலேயே வேலை பார்த்தால் 8 ஜிபி ராம் லேப்டாப்பே தாங்கும். ஆனால் டேப் பிடித்து அளந்த எண்கள் உள்ளே போகணும். கண் மதிப்பில் போட்ட ப்ரீவிஸ் லொக்கேஷனில் காலை வாரிவிடும்.

முதலில் மாற்றவேண்டியது கேமராவின் சென்சார் அகலம். பிளெண்டர் 36 மி.மீ. என்று வைத்திருக்கும், அது ஃபுல் ஃபிரேம். அலெக்ஸா மினி என்ற சினிமா கேமராவில் 3.2கே 16:9 மோடில் எடுத்தால் பயன்படும் அகலம் 26.4 மி.மீ. மட்டுமே. 35 மி.மீ. லென்ஸ், 3 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36-இல் குறுக்கே பத்தடி தெரியும், 26.4-இல் ஏழரை அடிகூட வராது. ப்ரீவிஸில் ஃபிரேம் நிறையத் தோளோடு தோள் நின்றவர்களில் ஓரத்தில் இருப்பவர்கள் ஷூட்டிங்கில் ஃபிரேமுக்கு வெளியே போய்விடுவார்கள். எந்தக் கேமரா, எந்த மோட் என்று கேமராமேனிடம் கேட்டு, சென்சார் ஃபிட்டை ஹரிஸாண்டல் என்று வைத்த பிறகு லென்ஸைத் தொடுங்கள்.

யூனிட்டை இம்பீரியலுக்கு மாற்றிவிடுவது நல்லது. ஆர்ட் டிபார்ட்மென்ட் பேசுவது அடியில்தான். பத்தடி ஆறங்குலத்தை 10'6" என்றே டைப் செய்யலாம், பிளெண்டர் புரிந்துகொள்ளும். 10.6 என்று அடித்தால் அது பத்தடி ஏழங்குலத்துக்கும் மேல். இணையத்தில் எடுத்த மனித உருவங்கள் சில சமயம் நூறு மடங்கு பெரிதாக வந்து நிற்கும். பக்கத்தில் ஐந்தரை அடிப் பெட்டி ஒன்றை நிறுத்தி, உருவத்தை அதற்குச் சரிப்படுத்தி, ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள்.

இந்த மென்பொருள் உழைப்புக்குக் கூலி தருவது குறுகலான அறைகளில். பத்துக்குப் பன்னிரண்டு ரூம், எதிர்ச் சுவரில் சாய்ந்து ஒருவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கேமராவைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் அது சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்கே போகும், பிளெண்டர் தடுக்காது. அதனால் இரண்டரை அடி அகலம், நாலடி நீளத்தில் ஒரு பெட்டி செய்து, முன்முகம் லென்ஸ் நுனியில் இருக்கும்படி கேமராவோடு பேரன்ட் செய்யுங்கள், அதாவது கேமரா நகர்ந்தால் பெட்டியும் கூடவே நகரும்படி இணையுங்கள். ட்ரைபாடும் ஆபரேட்டரும் நிற்கும் இடம் அது. லென்ஸுக்குப் பின்னால் இருப்பதால் ஃபிரேமில் விழாது. டாப் வியூவில் பெட்டி சுவரைத் தொட்டவுடன் நின்றுவிடலாம்.

இப்போது கணக்கு: பன்னிரண்டில் ஆபரேட்டருக்கு நாலு, நடிகருக்கு ஒன்றரை போனால் மிச்சம் ஆறரை அடி. அலெக்ஸா மினியின் அதே 26.4-இல், 2.39 ஃபிரேமில் (அகலம் உயரத்தைப்போல 2.39 மடங்கு), 35 லென்ஸுக்குக் கிடைக்கும் உயரம் இரண்டடிதான். தலையும் மார்பும் வரும், அவ்வளவே. உட்கார்ந்தவரின் முழு உருவமும் மேலே கொஞ்சம் இடமும் வேண்டுமானால் 18-க்கு இறங்கணும். அப்போது இரு பக்கச் சுவரும் ஃபிரேமுக்குள் எட்டிப் பார்க்கும், லைட்டை எங்கே ஒளிப்பது என்ற அடுத்த கேள்வி வரும். சுவரைக் கழற்றக்கூடிய செட் போடுவதா, வேறு வீடு பார்ப்பதா என்பதை கால்ஷீட் வாங்குவதற்கு முன்பே பேசிவிடலாம்.

ட்ராக் ஷாட்டிலும் இதே கவனம் தேவை. இரண்டு எட்டடி ட்ராக் போட்டால் பதினாறடி மூவ் கிடைக்காது. கேமராவைச் சுமந்து ஓடும் டிராலியே நாலடி இடத்தைத் தின்றுவிடும், பன்னிரண்டடிதான் ஓடும்.

டைமிங்கில் பலரும் சறுக்குவது வசனத்தில். மனசுக்குள் படித்து ஷாட் நீளம் வைத்தால் எப்போதும் குறைவாகவே வரும். போனில் வசனத்தைப் பேசிப் பதிவுசெய்து, பிளெண்டருக்குள்ளேயே இருக்கும் வீடியோ சீக்வென்ஸர் என்ற எடிட்டரில் போட்டுவிட்டு ஷாட்டை வெட்டுங்கள். பன்னிரண்டடி நடக்க ஏறக்குறைய 3 வினாடி, வினாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் 72 ஃபிரேம். கேமரா மாறவேண்டிய ஃபிரேமில் மார்க்கர் வைத்து கண்ட்ரோல்-பி அழுத்தினால் அந்தக் கேமரா மார்க்கரோடு ஒட்டிக்கொள்ளும். எடிட் முழுவதையும் அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். வெளியே எடுக்கும்போது 1280×536 வையுங்கள். 535 என்ற ஒற்றைப்படை எண்ணை ஹெச்.264 என்ற வீடியோ வடிவம் வழக்கமாக ஏற்காது.

வெளிப்புறக் காட்சிக்கு இடமும் நேரமும் கொடுத்தால் சூரியனைச் சரியான இடத்தில் வைக்கும் சன் பொசிஷன் ஆட்-ஆன் பெரிய துணை. சென்னை என்றால் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. டைம் ஜோனில் 5.5 போட மறந்தால் காலை வெயில் மதியத்துக்குப் போய்விடும். வடக்கு எது என்று மொட்டைமாடியில் காம்பஸ் பார்க்கும்போது இரும்புக் கைப்பிடியிலிருந்து தள்ளி நில்லுங்கள். ஏப்ரல் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், கண்குழியெல்லாம் கருத்துப்போகும். முகம் தெரியவேண்டிய ஷாட்டை அந்த நேரத்தில் வைக்கவேண்டாம்.

எல்லா ஷாட்டுக்கும் ப்ரீவிஸ் செய்வது வீண் வேலை. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் குளோஸப்புக்குப் பென்சில் கோடே போதும். முகத்தில் நடப்பதை எந்த பொம்மையும் காட்டாது. காகிதத்தில் கட்டம் போடும்போது 2.39-க்கு 12 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் என்று சரியாகப் போடுங்கள். 16:9 கட்டத்தில் வரைந்துவிட்டுப் பிறகு வெட்டினால் தலை போகும்.

செட்டில் லேப்டாப்பைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. ஒரு ஏ4 தாளுக்கு நாலு ஷாட், ஒவ்வொன்றின் கீழும் லென்ஸ், கேமரா உயரம், நடிகர் வரை தூரம், மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கேமராமேனுக்கும் ஆர்ட் டைரக்டருக்கும் முதல் உதவி இயக்குநருக்கும் முந்தின நாள் மாலையே கொடுத்துவிடுங்கள்.