புதுப் பெட்டியில் வந்த போலி ஸ்பார்க் பிளக்குகள்: வீட்டில் மாற்றுவோர் கவனத்திற்கு

இணைய வணிகத் தளமொன்றில் இரிடியம் ஸ்பார்க் பிளக் (என்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறியைத் தருவது) என்று நம்பி வாங்கிய நான்கும் போலி என்பதை, அவற்றை என் கையாலேயே காரில் பொருத்திப் பதினொரு நாள் ஓட்டிய பிறகுதான் அறிந்துகொண்டேன். வீட்டிலேயே பிளக் மாற்றும் வழக்கமுள்ளவர்கள் இதே முறையில் ஏமாறக் கூடாது என்பதால் நடந்ததை விடாமல் எழுதுகிறேன். விற்பனையாளரின் பெயரைச் சொல்லாததற்கான காரணம் கடைசியில் வரும்.

என்னுடையது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். அதிலிருந்த சாதாரண நிக்கல் பிளக்குகள் 38,000 கிலோமீட்டர் ஓடிவிட்டன. இம்முறை நீண்ட நாள் உழைக்கும் இரிடியம் வகையைப் போடலாம் என்று கோயம்புத்தூரில் ஓர் உதிரிபாகக் கடையில் விசாரித்தேன். நான்குக்கும் சேர்த்து 2,900 ரூபாய் என்றார்கள். அதே ஜப்பானிய நிறுவனத்தின் பெயரும் அதே எண்ணும் அச்சிட்ட பெட்டி இணையத்தில் 1,480 ரூபாய்க்குக் கிடைத்தது. பாதி விலைக்கு எப்படிக் கொடுக்க முடிகிறது என்ற கேள்வி எழாமலில்லை. பண்டிகைத் தள்ளுபடி என்று நானே ஒரு விடையையும் சொல்லிக்கொண்டேன்.

பொருத்தும் வேலையில் நான் குறை வைக்கவில்லை. பிளக் ஏறி நிற்கும் சிலிண்டர் ஹெட் (என்ஜினின் மேல்மூடி) அலுமினியம் என்பதால் சூட்டில் கழற்றினால் மரை கெட்டுவிடும்; ஆகவே இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் தொடங்கினேன். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் இணைப்பை விடுவித்து, போல்ட்டைக் கழற்றி, காயிலை மெல்லத் திருகி மேலே இழுத்தபின், பிளக் குழியில் தங்கியிருந்த மணலையும் தூசியையும் சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்றிவிட்டுத்தான் பழைய பிளக்கைத் தளர்த்தினேன். புதியதை ரப்பர் குழாயின் நுனியில் செருகி விரலாலேயே மரை ஏற்றினேன். கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும் என்பதால் அது நல்ல முறை. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லாததால், வாஷர் தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாக இறுக்கினேன். மூன்றாவது பிளக் மட்டும் விரலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பாக ஏறியது. குழியில் அழுக்கு இருந்திருக்கும் என்று எண்ணி அதைக் கடந்துவிட்டேன்.

இன்னொரு தவறும் செய்தேன். இரிடியம் பிளக்கின் மைய மின்முனை 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஊசிமுனை. அதற்கும் எதிரே உள்ள மின்முனைக்கும் நடுவில் தீப்பொறி பாயும் இடைவெளியை நெம்பிச் சரிசெய்யக் கூடாது, ஆலையிலேயே அளவு வைத்து அனுப்புவார்கள் என்று படித்திருந்தேன். அது சரியான அறிவுரைதான். ஆனால் சரிசெய்யக் கூடாது என்பதை அளந்து பார்க்கவும் கூடாது என்று நான் புரிந்துகொண்டேன்.

முதல் அறிகுறி வானொலியில் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பண்பலையில் கரகரவென்று ஓர் ஒலி ஏறி இறங்கியது. வானொலி நிலையத்தைத்தான் குறை சொன்னேன். ஒரு வாரம் கழித்து சிக்னலில் நிற்கும்போது வண்டி இலேசாக உதறத் தொடங்கியது. பதினோராம் நாள் மனைவியோடும் மாமியாரோடும் கோத்தகிரிக்குப் புறப்பட்டு, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறத் தொடங்கிய சிறிது நேரத்தில் இழுவை குறைந்து, செக் என்ஜின் விளக்கு எரிந்து, பிறகு சிமிட்டவும் ஆரம்பித்தது. அந்த விளக்கு நிலையாக எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. சிமிட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகச் சென்று புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது, கடுமையாக இருக்கிறது என்று பொருள். மேற்கொண்டு மலையேறாமல் வண்டியைத் திருப்பி, மிதமான வேகத்தில் மேட்டுப்பாளையத்திற்கே இறங்கிவிட்டோம்.

அங்கே ஒரு சிறிய பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது பி0302 என்ற பிழைக் குறியீடு, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று வந்தது. மெக்கானிக் அந்தப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல். சமவெளியில் எப்படியோ சமாளித்த பிளக், ஏற்றத்தில் சிலிண்டரின் அழுத்தம் கூடித் தீப்பொறிக்கு அதிக மின்னழுத்தம் தேவைப்பட்டபோது, அந்த விரிசல் வழியே மின்சாரத்தைக் கசியவிட்டிருக்கிறது. பிறகு அவர் முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இது இரிடியமே இல்லைங்க சார், சாதாரணக் கம்பியைக் கூராக்கி வெச்சிருக்காங்க” என்றார். நல்லவேளையாகப் பழைய பிளக்குகளைப் புதுப் பெட்டியிலேயே போட்டு டிக்கியில் வைத்திருந்தேன். அவற்றையே மீண்டும் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். உதறலும் இல்லை, வானொலியில் கரகரப்பும் இல்லை.

வீட்டில் நான்கையும் மேசைமேல் வைத்துச் சோதித்தேன். இத்தகைய பிளக்குகளுக்குள் வானொலி இரைச்சலைத் தடுக்க ஒரு மின்தடை இருக்கும். உச்சி முனைக்கும் மைய மின்முனைக்கும் இடையே மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். என் பழைய பிளக்குகள் 4.7 முதல் 5.2 வரை காட்டின. ‘புதியவற்றில்’ மூன்று பூஜ்யத்தை ஒட்டியே நின்றன; நான்காவதில் எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. இடைவெளி ஒன்றில் 0.8, ஒன்றில் 1.1 மில்லிமீட்டர், மற்ற இரண்டில் இவற்றுக்கு இடைப்பட்ட அளவு. அசல் பிளக்கில் கேஸ்கெட் வாஷர் மரையோடு பிடித்து நிற்கும். இவற்றில் இரண்டின் வாஷர் கையில் கழன்று வந்தது. மூன்றாவதின் மரையில் உலோகப் பிசிறுகள் நகத்தில் தட்டுப்பட்டன. அந்தச் சொரசொரப்பு அழுக்கால் வந்ததன்று. என் சிலிண்டர் ஹெட்டின் மரை தப்பியது அதிர்ஷ்டம் மட்டுமே. பெட்ரோல் தோய்ந்த துணியால் துடைத்ததும் பீங்கானில் இருந்த நிறுவனத்தின் பெயர் பாதி அழிந்துபோனது.

படங்களோடு புகார் அனுப்பினேன். ஏழு நாள் திரும்பப்பெறும் காலம் முடிந்துவிட்டது, பொருத்தப்பட்ட பொருளை ஏற்க இயலாது, தவறாக இறுக்கியதால் பீங்கான் விரிசல் விட்டிருக்கும் என்று விற்பனையாளர் பதில் அனுப்பினார். கடைசிக் காரணத்தை நான் அப்படியே தள்ளிவிடவில்லை. பிளக்கைத் திருகும் சாக்கெட் சாய்ந்தால் பீங்கான் விரிசல் விடுவது உண்டு. ஆனால் நான் எப்படி இறுக்கினாலும் உள்ளே இருந்த மின்தடை காணாமல் போகாதே என்று கேட்டேன். அதற்குப் பதில் வராமல், வேறொரு நிறுவனத்தின் ‘அதே எண்’ கொண்ட பிளக்குகளை மாற்றாக அனுப்புகிறோம் என்றார்கள். பிளக் எவ்வளவு விரைவாகச் சூட்டை வெளியேற்றும் என்பதைக் குறிக்கும் வெப்ப எண், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். என்ஜிகே, டென்சோ வரிசைகளில் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றுவது. பாஷ் வரிசையில் அதற்கு நேர்மாறு. இதுகூடத் தெரியாதவர்கள்தான் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பதிவு செய்தேன். 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதைச் சுட்டிக்காட்டித் தளத்துக்கும் தனியாக எழுதினேன். இருபத்து மூன்றாம் நாள் 1,480 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. மெக்கானிக்குக் கொடுத்த கூலியையும் வீணான பயணச் செலவையும் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இப்போது காரில் இருப்பவை, அந்நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கியவை. கடையின் மேசையிலேயே மல்டிமீட்டரை வைத்து நான்கையும் சோதித்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, தாமே ஒன்றை எடுத்து நீட்டினார். அந்தப் போலிப் பிளக்குகளின் விற்பனைப் பக்கத்தை நேற்று மீண்டும் பார்த்தேன். படமும் விலையும் மாறவில்லை, விற்பனையாளரின் பெயர் மட்டும் வேறு.