பழைய சிபியு பெட்டியில் செடி: நான்கு ஆண்டு அனுபவம்

கேஸ், கேபினெட் என்று எத்தனை பெயர் இருந்தாலும் எங்கள் வீட்டில் அது சிபியுதான். 2009இல் சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி. மகள் தொடக்கப்பள்ளி வீட்டுப்பாடமெல்லாம் செய்தது அதில்தான். 2021 கடைசியில் மதர்போர்டு போனதும் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி மின்கழிவுப் பெட்டியில் சேர்த்தேன். கூட்டைப் போட மட்டும் மனம் வரவில்லை. மேல்தகட்டில் மகள் ஒட்டிய வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

யீஷூன் வட்டாரத்தில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் அந்தக் கூடு செடித்தொட்டியாகி நான்கு ஆண்டு ஆகிறது. முதல் பதினான்கு மாதம் நான் செய்தது தவறு.

கூட்டைப் படுக்கவைத்து, மேலே வந்த பக்கத்தகட்டை எடுத்துவிட்டேன். விசிறி ஓட்டை, கார்டு இடுக்கு எல்லாவற்றையும் மீன்தொட்டி சிலிக்கான் வைத்து அடைத்தேன். உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு, அடியில் டிரில் போட்டு எட்டுத் துளை, அதற்குமேல் நேரடியாக மண். கறிவேப்பிலையும் கற்பூரவள்ளியும் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

45க்கு 42, ஆழம் 18 சென்டிமீட்டர் என்றால் 34 லிட்டர். அவ்வளவு மண்ணும் நனைந்தால் நாற்பது கிலோவைத் தாண்டும். கணினிக் கூட்டின் தகடோ ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஆறே மாதத்தில் நடுப்பகுதி தொந்தி போலக் கீழே இறங்கிவிட்டது. ஊற்றிய தண்ணீர் துளைக்குப் போகாமல் விரிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே தேங்கியது. கசிந்தது கூட்டுக்குக் கீழே வைத்திருந்த அடித்தட்டில் நின்றது. ஒருநாள் காலை தாழ்வாரம் கழுவப்போன மனைவி கூப்பிட்டார். "என்னங்க, தட்டுல புழு நெளியுது, வந்து பாருங்க." கொசுப்புழு. அது 2022, சிங்கப்பூரில் 32,000 பேருக்கு மேல் டெங்கி கண்ட வருடம். தேங்கிய நீரில் ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். எங்கள் வரிசையில் கைக்குழந்தை இருக்கும் வீடு இரண்டு. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்தது துரு. இந்தத் தகடு துத்தநாகம் பூசிய எஃகு. பூச்சு முழுதாக இருக்கும்வரை நன்றாகத் தாங்கும். நாம் டிரில் போட்டதும் துளையின் விளிம்பில் வெறும் எஃகு வெளியே தெரிகிறது. ஈரமண்ணும் உரத்தின் உப்பும் அங்கேதான் முதலில் கடிக்கின்றன. 2023 பிப்ரவரியில் மண்ணைக் கொட்டிப் பார்த்தேன். எட்டுத் துளையைச் சுற்றியும் காப்பிப்பொடி நிறத்தில் வளையம். ஒன்றை விரலால் அழுத்தினேன், பொலபொலவென்று உதிர்ந்தது. சாயங்கால வெயில் நேராக விழும் பக்கத்தில் கறுப்புத் தகட்டில் கை வைக்க முடியாத சூடு. அதை ஒட்டியிருந்த வேரெல்லாம் கருகிப் போயிருந்தது.

பிறகுதான் புத்தி வந்தது. இந்தக் கூடு சூட்டை வெளியேற்றுவதற்காகவே செய்யப்பட்டது. காற்று உள்ளே வர முன்பக்கம் வழி, வெளியே போக பின்பக்கம் வழி. மண்ணை நிரப்பியபோது நான் பாடுபட்டு அடைத்த ஓட்டைகள்தான் அதன் உயிரே. மண் வைக்கும் தொட்டியாக இல்லாமல், தொட்டிகளை வைக்கும் கூடாக அதைப் பயன்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்.

சிலிக்கானைச் சுரண்டி எடுத்தேன். துருப்பிடித்த அடித்தகட்டை வீசிவிட்டு, மதர்போர்டு பூட்டும் தகட்டைத் தேய்த்துத் துரு தடுக்கும் பிரைமர் இரண்டு கை அடித்தேன். உள்விளிம்புகள் பிளேடு மாதிரி. கையுறை போடாமல் தொடாதீர்கள். பழைய தோட்டக்குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பில் மாட்டிவிட்டேன். கீழே பிளைவுட் பலகை, நான்கு சக்கரம். உள்ளே 18 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தொட்டி நான்கு, தகட்டை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு. சமையலுக்குப் போகும் செடியின் மண் பழைய பெயிண்டையும் துத்தநாகத்தையும் தொடாமல் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டு நாளைக்கு ஒருமுறை தொட்டிகளைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஊற்றி, சொட்டு நின்றபிறகு திரும்ப வைக்கிறேன். அடித்தட்டே கிடையாது. மண் இறுகினால் அதன்மேலும் நீர் நிற்கும் என்பதால் வாரம் ஒருமுறை கிளறிவிடுகிறேன். அதன்பிறகு ஒரு புழுவைக்கூடப் பார்க்கவில்லை. 2025 ஜனவரியில் விடாமல் கொட்டிய மழையில் சாரல் உள்ளேவரை அடித்தது. பலகையை மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று, தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேறாதது முன்பக்க பிளாஸ்டிக் முகப்புதான். வெயில் பட்டுப் பழுத்து, மூன்றாம் ஆண்டில் கழற்றும்போது கொக்கி மூன்று ஒடிந்தது. இப்போது கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். சிடி டிரைவ் இருந்த வாய் வழியாக மணி பிளாண்ட் வெளியே இறங்கி அதை மறைத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் கூண்டில் ஒருமுறை பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது. வெள்ளைவெளேரென்று, பட்டாணி அளவு. பொரிக்கும்வரை அந்தப் பக்கம் கை வைக்கவில்லை.

செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கியபிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் இருக்கலாம். அப்படியே மின்கழிவில் போடுங்கள். அடுத்து, தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், தீப்பிடித்தால் ஓடுவதற்கு. டேப் பிடித்து அளந்துவிட்டு வையுங்கள். தடுப்புச்சுவர்மேல் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

கறிவேப்பிலைக்கு 18 சென்டிமீட்டர் போதவில்லை. வேர் தொட்டியின் அடித்துளை வழியாக எட்டிப் பார்த்தது. போன மாதம் அதைப் பெரிய தொட்டிக்கு மாற்றி, வெயில் விழும் ஓரமாக வைத்தேன். காலியான இடத்தில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) கொடுத்த பண்டான் என்ற வாசனை இலைச் செடியின் கன்று. குருத்தில் புதிதாக மூன்று இலை விட்டிருக்கிறது.