ஷோரூம் சர்வீஸா, சொந்தக் கையா: ஒரு 125 சிசி வண்டியின் இரண்டு ஆண்டுக் கணக்கு

2020 நவம்பரில் வாங்கிய என் 125 சிசி வண்டிக்கு, மூன்று ஆண்டு உத்தரவாதம் முடியும் வரை ஒரே ஷோரூமில்தான் சர்வீஸ் செய்துவந்தேன். உத்தரவாதம் முடிந்த சில நாள்களிலேயே, 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் தேங்கிய நீர் வண்டியின் இன்ஜின் உயரத்துக்கு நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு ஷோரூமுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, இதே நிலையில் வந்த வண்டிகள் வாசல் வரை நிற்பதாகவும் என் முறை வர இரண்டு வாரம் ஆகலாம் என்றும் சொன்னார்கள். தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஒருவர் மட்டும், "ஸ்டார்ட் பண்ணாதீங்க சார், முதல்ல ஆயிலை இறக்குங்க" என்று எச்சரித்துவிட்டு, தன்னிடமிருந்த 17 எண் ஸ்பேனரைக் கொடுத்தார். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் வெளியே வந்த அந்த ஆயில்தான் என் சொந்தக் கைச் சர்வீஸின் தொடக்கம். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளாகச் சில சர்வீஸ்களை நானே செய்கிறேன், சிலவற்றுக்கு அதே ஷோரூமுக்குப் போகிறேன். இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் தகுதி அதனால் ஓரளவு வந்திருப்பதாக நம்புகிறேன். ஷோரூமின் பெயர் இங்கே தேவையில்லை.

முதலில் பில். கட்டணச் சர்வீஸ் ஒன்றுக்கு நான் கொடுத்த தொகை 2,018 ரூபாய். கூலி 480, இன்ஜின் ஆயில் 420, ஆயிலில் கலக்கும் 'அடிட்டிவ்' 220, செயின் துடைத்து எண்ணெய் போட 150, டெஃப்லான் பூச்சு 350, 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்ற பெயரில் 90, இவற்றின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. உண்மையில் வண்டிக்குத் தேவைப்பட்டவை கூலியும் ஆயிலும்தான். ஏறக்குறையப் பாதித் தொகை, நான் கேட்காமலே ஜாப் கார்டில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் தாளில், ஏறிய இனங்களுக்குப் போயிருக்கிறது. அவற்றுள் அடிட்டிவ் வெறும் வீண்செலவோடு நிற்பதுமில்லை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகின்றன. உராய்வைக் குறைக்கும் சரக்கு அந்த ஆயிலில் கூடினால் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவத் தொடங்கும். கார் ஆயிலை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றக்கூடாது என்பதும், டப்பாவில் இத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் ஜப்பானியத் தரக்குறியான ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஆயில் தயாரித்தவர் அளந்து கலந்ததன் மேல் இன்னொரு புட்டியைக் கவிழ்க்க 220 ரூபாய் கொடுப்பதற்கு எனக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை. டயருக்கு நைட்ரஜன் நிரப்பச் சொல்லி வற்புறுத்துவதும் இந்த வகைதான். நாம் மூச்சிழுக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது.

பணத்தைவிட எனக்கு உறுத்திய விஷயம் வேறு. அதே பில்லில் 'பொதுப் பரிசோதனை' என்ற தலைப்பின் கீழ், டேப்பெட் எனப்படும் வால்வு இடைவெளியைச் சரிபார்த்ததாக ஒரு டிக் குறி இருந்தது. அடுத்த முறை வண்டியை விடுவதற்கு முன்பு, டேப்பெட் மூடியின் போல்ட்டுகள் மேல், தலையும் மூடியும் சேரும் இடத்தில், ஒயிட்னரால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வைத்தேன். போல்ட் திரும்பினால் கோடு முறியும். மாலையில் வண்டியை எடுத்தபோது பில்லில் டிக் குறி இருந்தது, கோடும் முறியாமல் இருந்தது. கேட்டபோது சர்வீஸ் அட்வைசர், "எல்லாம் பார்த்துட்டாங்க சார், ஜாப் கார்டில எழுதியிருக்கு பாருங்க" என்றார். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைத்ததாக நான் கருதவில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உள்ள அந்த இடைவெளியை இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். காலை பத்து மணிக்குச் சூடாக ஓட்டி வந்து விட்ட வண்டியை, கழுவி, ஆயில் மாற்றி, பகல் ஒரு மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று கணக்கு வைத்து நடத்தும் பட்டறையில் குளிரும் வரை காத்திருக்க நேரமேது? எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகளைப் பில்லில் தனித்தனி இனமாக எழுதிப் பணம் வாங்குகிறார்கள். பயிற்சி பெற்ற கையும் பொறுமையும் வேண்டிய வேலை ஒற்றை டிக் குறியில் அடங்கிவிடுகிறது. என் முதன்மையான குறை இதுதான்.

இனி என் பக்கம். ஆயில் மாற்றுவதைவிட எளிதான வேலை வண்டியில் இல்லை. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி வடியவிட வேண்டும். பழைய வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய வாஷரோடு போல்ட்டை மாட்டி, கையேட்டில் சொன்ன அளவுக்குப் புதிய ஆயிலை ஊற்றி, அளவுக்குச்சியில் பார்த்தால் முடிந்தது. முடிந்தது என்று எழுதுகிறேனே தவிர, இரண்டாவது முறையே நான் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி, அலுமினிய உடம்பில் இருந்த மரையை நாசமாக்கினேன். லேத் பட்டறையில் மறுபடி மரை போட்டு வாங்க 700 ரூபாய் ஆயிற்று. அன்றுதான், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஆடம்பரம் அல்ல என்று விளங்கியது. ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், வால்வு இடைவெளியை அளக்கும் ஃபில்லர் கேஜ், ஆயில் பிடிக்கும் தட்டு எல்லாம் சேர்ந்து 4,200 ரூபாய். வீட்டுச் சர்வீஸ் ஒன்றுக்கு ஆயில், வாஷர், செயின் ஸ்பிரே என்று 500 ரூபாய். லேத் செலவையும் சேர்த்துப் பார்த்தால் நான்காவது சர்வீஸில் போட்ட பணம் திரும்பியது. என் இரண்டு மணி நேரத்துக்குக் கூலி போட்டுக்கொண்டால் இந்தக் கணக்கு நிற்காது. ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு நான் கூலி போடுவதில்லை.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய ஆயிலை அபாயகரக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. சாக்கடையில் ஊற்றுவது குற்றம் மட்டுமல்ல, அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குச் சங்கச் செயலாளரோடு ஆயுள் பகையும் கூட. நான் பழைய கேனில் சேர்த்து மெக்கானிக் அண்ணன் கடையில் கொடுத்துவிடுகிறேன். பழைய ஆயில் வாங்குபவர்கள் அங்கே வந்து எடுத்துப் போகிறார்கள். புது ஆயில் வந்த காலி டப்பாவை மட்டும் ஓட்டை போட்டுத்தான் எறிய வேண்டும். அந்த டப்பாக்களில் போலி ஆயில் நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

சொந்தக் கைக்கும் ஷோரூமுக்கும் உள்ள வேறுபாட்டை நான் மிகத் தெளிவாகக் கண்டது செயினில்தான். ஷோரூமிலிருந்து வந்த ஒரு நாள் பின்சக்கரத்திலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் கேட்டது. செயினை வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கீழ்ப்பக்க நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், கையேடு சொல்லும் தளர்வு இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தளர்வே இல்லாத செயின், பள்ளத்தில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டையும் பேரிங்கையும் இழுத்துத் தேய்க்கும். இப்போது ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை நானே துடைத்து எண்ணெய் போடுகிறேன், தளர்வு பார்க்கிறேன். ஏர் ஃபில்டரும் அப்படியே. எண்ணெய் தோய்ந்த காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக்கூடாது, காலம் வந்தால் மாற்றத்தான் வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. காற்றுக் குழாய் கையில் இருக்கும் பட்டறைப் பையன் எதையும் அடித்துத்தான் பார்ப்பான்.

ஆனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசி வந்துவிட்டது. பழைய வண்டியில் ஸ்குரூ டிரைவரால் செய்த ட்யூனிங்குக்கு இங்கே வேலையில்லை. மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தால், பிழைக் குறியைப் படிக்கும் கருவி இல்லாமல் ஊகத்தில் உதிரிபாகம் மாற்றுவது பணத்தைக் கொட்டுவதாகும். முன் டிஸ்க் பிரேக்கின் திரவத்திலும் நான் கை வைப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் என்று விதித்திருக்கும் கொதிநிலை, ஈரம் ஏறிய நிலையில் 155 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றும்போது குழாயில் ஒரு காற்றுக் குமிழ் தங்கினாலும் பிரேக் லீவர் பஞ்சுபோல் அமுங்கும். இதை ஷோரூமில் நன்றாகவே செய்தார்கள். அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் ஒருவர், வண்டியை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஹேண்டில்பார் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கான கோன் செட் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பல மாதம் ஓட்டியும் நான் அதை உணரவில்லை. அந்தக் கைக்குக் கூலி கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை, அவர் கையில் என் வண்டி போகும் என்ற உறுதி கிடைத்தால்.

உத்தரவாதக் காலத்தில் இருப்பவர்கள் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விடுபடாமல் பார்த்துக்கொள்வதே நல்லது. இன்ஜினில் பழுது வந்தால் அவர்கள் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். இலவச சர்வீஸ் என்பதில் இலவசம் கூலி மட்டுமே, ஆயிலுக்குப் பணம் உண்டு. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுது நீக்கும் உரிமை'க்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. போட்டி ஆணையத்தின் தீர்ப்பு கார்களைப் பற்றியது என்றாலும், பிழைக் குறி படிக்கும் கருவி தெருமுனைக் கடைக்கு எட்டாதவரை என் வண்டிக்கும் அதே சிக்கல்தான்.

அடுத்த சர்வீஸுக்கு வண்டியை முந்தைய நாள் மாலையே ஷோரூமில் விட்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். இரவெல்லாம் நின்றால் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும். ஜாப் கார்டில் மூன்று வரி மட்டும் எழுதச் சொல்வேன்: டேப்பெட் இடைவெளி, பிரேக் திரவம், கோன் செட். ஆயிலை ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிட்டேன். போல்ட்டுகள் மேல் புதிதாகக் கோடும் போட்டாயிற்று.